என் மகள் போன ஊரின் பேர்

எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் அவள் பேர் போய்விடும், ஊர் பேர் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் மேடவாக்கத்தில் பிறந்தவள். தாம்பரத்துக்குக் கிழக்கே ஏரிக்கரை ஓரமாக இருந்த என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் வலது காலை வைத்த அன்றைக்கே மேடவாக்கத்தா ஆகிவிட்டேன். மாமியார் கூப்பிட்டதும் அப்படித்தான், ஓரகத்தி கூப்பிட்டதும் அப்படித்தான். என் சொந்தப் பேர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லி வாசலில் யாராவது கூப்பிட்டால், வந்திருப்பது நமக்குத் தெரியாத ஆள் என்று அர்த்தம்.

வெளியிலிருந்து வந்தவளுக்கு வந்த ஊர். இந்த வீட்டில் பிறந்து வெளியே போனவளுக்குப் போன ஊர். அதுதான் எங்கள் வழக்கம். என் நாத்தனாரைக் குன்றத்தூரில் கொடுத்தார்கள், அவள் குன்றத்தூர். ஓரகத்தியின் மூத்த மகள் கூடுவாஞ்சேரி. என் பெரிய மகள் குரோம்பேட்டை. "கூடுவாஞ்சேரிக்கு ஜுரமாம்", "குரோம்பேட்டை வந்துகினு கீது, ஒரு ஆழாக்கு கூடப் போடு" என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு நடக்கும். புதிதாகக் கேட்கிறவர்கள், ரயில்வே ஸ்டேஷனில் மைக் வைத்துச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. ஊர் பேர் சொல்லி உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால், உனக்குப் போக ஒரு வீடும் இருக்கிறது, திரும்பி வர ஒரு வீடும் இருக்கிறது என்று அர்த்தம்.

என் சின்ன மகளுக்கு அந்தப் பேர் கிடைக்க வெகு காலம் ஆயிற்று. கிடைத்ததும், இங்கே யாரும் கேள்விப்படாத ஒரு வெள்ளைக்கார ஊரின் பேராக இருந்தது.

என் வீட்டுக்காரரின் அண்ணனை எல்லாரும் பெரியவர் என்பார்கள். எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே முற்றத்தைப் பார்த்து இருந்தன. நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு கிணறு. பெரியவரிடம் நான் நேருக்கு நேராகப் பேசியது குறைவு. சொல்ல வேண்டியதை ஓரகத்தியிடம் சொல்வேன், அவர் காதில் விழும்படி. அவரும் பதிலை அவளிடம்தான் சொல்வார், என் காதில் விழும்படி. இப்படியே நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சண்டையும் போட்டிருக்கிறோம்.

அவருக்கு ஒரு பழக்கம். சம்பந்தம் பேச யார் வந்தாலும் ஜாதகத்துக்கு முன்னால் ஊர் பேருக்கு அர்த்தம் கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதே, "மேட்டுல கீற பாக்கம். வெள்ளம் வராது, பொண்ணு எடுக்கலாம்" என்று சொன்னாராம். குன்றத்தூருக்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை, குன்றின் மேல் முருகனே நிற்கிறான். கூடுவாஞ்சேரியை, ஜனம் கூடுகிற சேரி என்று அவரே தீர்த்துவைத்தார். அது சரியோ தப்போ, எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லை. குரோம்பேட்டைதான் கொஞ்சம் கஷ்டப்படுத்தியது. என் பெரிய மகளுக்கு அங்கிருந்து வரன் வந்ததும், பஸ் ஏறிப் போய் ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டு வந்தார். பழைய தோல் கம்பெனியின் பேர், தோல் பதப்படுத்துகிற மருந்தின் பேர் என்று சொன்னார்களாம். ஓரகத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இவர், "தொழில் பேருதானே. தொழில் கீற எடத்துல சோறு கீது. குடுக்கலாம்" என்றார். என் மகள் இன்றைக்கு வரைக்கும் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்துக் கழனியெல்லாம் பிளாட் ஆனது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. குனிந்து நாற்று நட்ட இடுப்புக்குத்தான் தெரியும் அந்த அருமை. கழனியை விற்ற காசில்தான் என் சின்ன மகள் நர்ஸ் படிப்புப் படித்தாள். வெள்ளைப் புடவை கட்டி, தலையில் அந்தத் தொப்பியைக் குத்திக்கொண்டு அவள் மின்சார ரயிலுக்குப் போகும்போது, முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எங்கள் வீட்டிலிருந்து கழனிக்குப் போகாத முதல் காலடி அவளுடையது.

பெரியவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் விற்றதில் இல்லை, பேர் போனதில். எங்கள் கழனி ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு. ஆலடிக் கழனி, பள்ளக் கழனி, மதகுக் கழனி. வாங்கினவர்கள் வெள்ளைக் கல் நட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஏதோ கார்டன் என்று போர்டு மாட்டினார்கள். அந்தப் பேரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது வழி கேட்டால், "பள்ளக் கழனிக்கு அந்தாண்ட" என்பார். கேட்டவன் முழிப்பான்.

என் சின்ன மகள் தான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆட்கள் இல்லை. எனக்கும் முதலில் மனசு சுருங்கியது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினதைப் பார்த்ததும் சுருங்கினது விரிந்துவிட்டது. அவன் அப்பா ரயில்வேயில் இருந்தவர். பிறந்தது ஓர் ஊர், படித்தது ஓர் ஊர், வளர்ந்தது ஓர் ஊர். எது சொந்த ஊர் என்று கேட்டால், "தெரியல அத்தை, எல்லா ஊர்லயும் குவார்ட்டர்ஸ்தான்" என்று சிரிப்பான். பல்லாவரத்தில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இரண்டு பேரும் குடியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் பெரியவர் மகனுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தக்கால் நடுவதுதான் பெரிய காரியம். விடிந்ததும் முற்றத்து மூலையில் குழி தோண்டி, மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நிறுத்துவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் இந்த வீட்டில் பிறந்து வெளியே போன பெண்கள் ஆளுக்கொரு சொம்புப் பால் குழியில் ஊற்ற வேண்டும். சும்மா போய் ஊற்றிவிட முடியாது. வீட்டுக்கு மூத்தவர் ஊர் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால்தான் அவள் பிறந்த வீட்டுப் பெண்.

அன்றைக்கு என் சின்ன மகளும் பட்டுப்புடவை கட்டி, சொம்பும் கையுமாக வரிசையில் நின்றாள்.

"குன்றத்தூரு, வாம்மா" என்றார் பெரியவர். நாத்தனார் போய் ஊற்றினாள். "கூடுவாஞ்சேரி." அவள் போனாள். "குரோம்பேட்டை." என் பெரிய மகள் போனாள்.

"அவ்ளோதான். பந்தக்காலை எறக்குங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அவரே ஓர் அடி முன்னால் வந்து, "அண்ணா, சின்னது நிக்குது" என்றார்.

"நிக்கட்டும். இன்னா ஊர்னு கூப்புட்றது? ஊரைச் சொல்லு, கூப்புட்றேன்."

"பல்லாவரத்துலதானே கீறாங்க."

"வாடகை வூடு ஊராவுமா? நாளைக்கு வூட்டுக்காரன் காலி பண்ணுன்னா இன்னா ஊரு?"

மூங்கிலை இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டார்கள். என் மகள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சொம்புப் பாலை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "பெரியப்பா வாயால கூப்பிட்டாதான்மா இனிமே அந்த வாசல்ல நிப்பேன். உன் வீட்டுக்கு வருவேன், அவர் வாசலுக்கு வர மாட்டேன்" என்றாள்.

ஒரே முற்றத்தில் இரண்டு வாசல். அவள் சொன்னால் சொன்னதுதான், என் வயிற்றில் பிறந்தவள். எனக்கு அழுகை சீக்கிரம் வராது, கோபம்தான் வரும். கோபத்தோடு குன்றத்தூர் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். இந்த மனுஷன் வாயால் என் மகளை ஊர் பேர் சொல்லிக் கூப்பிட வைத்தால், அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உன் படியெல்லாம் மஞ்சள் குங்குமம் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில், இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தது அவளுக்குக் கிடைத்தது. முதலில் அவள் போனாள், பிறகு மாப்பிள்ளை போனார். போய்ச் சேர்ந்த ஊரின் பேர் ஸ்லௌ.

அந்தப் பேரைச் சொல்லப் பழக எனக்குச் சில நாள் பிடித்தது. முதல் தடவை போனில் அவள் சொன்னபோது இருமுகிறாள் என்று நினைத்தேன். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, ஔடதம்னு படிச்சிருக்கல்ல, அந்த ஔ. முன்னாடி ஸ், ல் ரெண்டையும் ஒட்டவெச்சு ஒரே மூச்சுல விடு." நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அந்த ஔ எழுத்து அதுவரைக்கும் எனக்கு ஓர் உபயோகத்துக்கும் வந்ததில்லை. மாவு அரைக்கும்போது, துணி அலசும்போது, தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "இன்னா, நாயை வெரட்டினு கீறியா?" என்று கேட்டிருக்கிறார். வந்துவிட்டது. வந்த பிறகு என்னை யாரும் அசைக்க முடியாது.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு போன் பூத். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே போய் உட்காருவோம். நம்பரோடு ஊர் பேரையும் மகள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தாள். பூத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஸ்லோவா? மெதுவாப் போற ஊராம்மா?" என்றார்.

"ஸ்லௌ, சார்."

"நான் எழுத்தைப் பார்த்துச் சொன்னேன். நீங்க பொண்ணு வாயால கேட்டுச் சொல்றீங்க. உங்க ஊரு, நீங்க சொல்றதுதான் சரி" என்று சிரித்தார். அதற்கப்புறம் என்னைத் தூரத்தில் பார்த்தாலே, "ஸ்லௌ அம்மா வராங்க, எழுந்திரிங்க" என்று ஸ்டூலைக் காலி செய்துவைப்பார். எவ்வளவோ பேர் அந்தப் பூத்துக்கு வந்தார்கள், அவருக்கு நான்தான் ஊரோடு ஞாபகம்.

தெருவில் எல்லாரும், "மக லண்டன்லயா?" என்பார்கள். இல்லை, ஸ்லௌ, லண்டன் பக்கத்தில் என்பேன். "எல்லாம் ஒண்ணுதானே அக்கா" என்றாள் பால் ஊற்றுகிறவள். "தாம்பரத்தை மெட்ராஸ்னு சொன்னா நீ ஒத்துக்குவியா?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "அது எப்படி ஒத்துக்கிறது" என்றாள். அப்புறம் அவளும் ஸ்லௌ என்றுதான் சொன்னாள்.

மகள் போனில் அந்த ஊரைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கு அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. தலைக்கு மேலே விமானம் தாழப் பறக்குமாம், பல்லாவரம் மாதிரியே. வரிசை வரிசையாகக் கம்பெனியாம். ஷிப்டு விட்டால் ரோட்டில் ஜனமாம். பஞ்சாபிக்காரர் கடையில் வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் கிடைக்கிறதாம். குளிர்தான் எலும்பைப் பிடிக்கிறதாம். ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது பஸ் டிரைவர், வீட்டுக்கு நேராக நிறுத்தி இறக்கிவிடுவாராம். முகம் தெரியாத அந்த டிரைவரை நான் பல நாள் வாழ்த்தியிருக்கிறேன்.

இத்தனை இருந்தும் பெரியவர் அந்தப் பேரைச் சொல்லவில்லை. அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்தப் பொண்ணு" என்பார். இப்போதுதான் ஊர் இருக்கிறதே என்று ஒருநாள் ஓரகத்தியிடம், அவர் காதில் விழும்படி கேட்டேன்.

"ஊர் பேரைச் சொல்லுடி, பாக்கலாம்" என்றாள் ஓரகத்தி.

சொன்னேன்.

"லவ்வா?" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "லவ்வு பண்ணிகினு போனவளுக்கு ஊர் பேர்லயும் லவ்வு கீது பாரு."

"அக்கா, வாய்ல நுழையலன்னா விட்டுடுங்க. என் மகளுக்குச் சோறு போடுற ஊரு அது."

உள்ளேயிருந்து பெரியவர் குரல் வந்தது. "அர்த்தம் தெரியாத ஊர் பேரை நான் வாய்ல வெக்க மாட்டேன்னு சொல்லு அவளாண்ட."

முன்பு ஊர் இல்லை என்றார். இப்போது அர்த்தம் இல்லை என்கிறார். உள்ளே இருந்தது வேறே கோபம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தன்னைக் கேட்காமல் அவள் கல்யாணம் செய்துகொண்ட கோபம். ஆனால் அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்லௌ என்றால் என்ன என்று எனக்கு யார் சொல்வார்கள்?

மகளிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, விசாரிக்கிறேன் என்றாள். அடுத்த தடவை போன் செய்தபோது, அவள் பார்த்துக்கொள்கிற கிழவி ஒருத்தி, அந்த ஊரிலேயே பிறந்தவள், சொன்னதாகச் சொன்னாள்.

"அம்மா, கோச்சுக்காத. சேறுன்னு அர்த்தமாம்."

"என்னது?"

"சேறும்மா. சகதி. அந்தக் காலத்துல வண்டிச்சக்கரம் மாட்டிக்கிற மாதிரி சேறாம் இங்க. அதையே பேரா வெச்சுட்டாங்களாம்."

யாரிடமும் சொல்லாதே என்றேன். பூத்திலிருந்து வீடு வரைக்கும் அதே நினைப்பு. ஓரகத்திக்கு இது கிடைத்தால் விடுவாளா? ஓடிப்போனவள் சேற்றில் போய் விழுந்தாள் என்பாள். பெரியவர் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். இந்தப் பேர் இனிமேல் அந்த வாயில் வராது என்று எனக்குத் தோன்றியது. குரோம்பேட்டைக்கு ஒரு தொழிலாவது இருந்தது. சேற்றில் என்ன இருக்கிறது? நாற்று நட்ட இடுப்பு எனக்கு, அந்த நேரத்தில் அது கூட ஞாபகம் வரவில்லை.

பெரியவரின் கடைசி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வைகாசியில், என் மகள் லீவில் வந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. வந்த மறுநாள் காலையில் முற்றத்துக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வேப்பமர நிழலில் ஒயர் நாற்காலி போட்டுப் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். ஓரகத்தி வந்து என் மகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"வெளுத்துட்டியேடி. சோறு துன்றியா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன் பெரியம்மா."

"ஆமா, உன் ஊர் பேருக்கு இன்னாடி அர்த்தம்? இந்த மனுசன் எத்தினி வருசமா அதையே கேட்டுகினு கீறாரு."

நான் பாத்திரத்தை விட்டுவிட்டு மகளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டும் சொன்னாள்.

"சேறு, பெரியம்மா."

"இன்னாது?"

"சேறு. சகதி. ஸ்லௌன்னா அதான் அர்த்தம்."

நான் பயந்த மாதிரியே ஆயிற்று. ஓரகத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏரோப்ளேன்ல ஏறிப் போயி சேத்துல உழுந்தியா? நல்ல எடம் பார்த்தே போ."

பேப்பர் கீழே இறங்கியது. பெரியவர் என் மகளைப் பார்த்தார். அவள் கல்யாணத்துக்கு அப்புறம் அவளிடம் நேராக அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இன்னா சேறு?"

அவளுக்குப் புரியவில்லை. "என்ன சேறுன்னா, பெரியப்பா?"

"களிமண்ணா, வண்டலா? நடவுக்கு ஆவுமா?"

"தெரியல பெரியப்பா. இப்ப அங்க சேறே இல்ல. எல்லாம் ரோடு, கம்பெனி, வீடு."

"கழனி?"

"ஒண்ணு கூட இல்ல."

"பேரு மட்டும் கீது."

"ஆமா."

அவர் முற்றத்துக்கு வெளியே பார்த்தார். ஒரு காலத்தில் அங்கே பள்ளக் கழனி. அப்போது அங்கே இரண்டு மாடி வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மேலே நின்று ஓர் ஆள் செங்கல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

"பேரை மாத்தலியா அவனுங்க?" என்று கேட்டார். "கம்பெனியெல்லாம் கட்டிட்டானுங்க. சேறுன்னு ஒரு பேரு எதுக்குன்னு மாத்தலாம் இல்ல? கார்டன், நகருன்னு ஏதாவது."

"மாத்தல பெரியப்பா. அர்த்தம் தெரிஞ்சும் அப்படியேதான் வெச்சிருக்காங்க."

"ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, ஓரகத்தி பக்கம் திரும்பி, "சேறைச் சேறுன்னே வெச்சிகினு கீறான். அவன் மனுசன்" என்றார். ஓரகத்தி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "இன்னாத்துக்கு சிரிக்கிறே? சேத்துல கால் வெக்காம சோத்துல கை வெச்சியா நீ?"

"எப்டிச் சொல்றது அதை?" என்று மறுபடியும் என் மகளிடம் கேட்டார். அவள் சொன்னாள், நிதானமாக. அவர் திருப்பிச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பந்தக்கால் நடுகிற அன்றைக்கு என் மகள் குளித்துவிட்டுச் சமையல்கட்டிலேயே இருந்தாள். வெளியே வா என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார். "நீங்க போங்கப்பா" என்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியது நான் இல்லை. முற்றத்தில் போய் நின்றுகொண்டேன். குழி தோண்டி முடித்து, மஞ்சள் மூங்கிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"குன்றத்தூரு." நாத்தனாருக்கு அதற்குள் முட்டி வலி, மெதுவாகப் போய் ஊற்றினாள். "கூடுவாஞ்சேரி." அவள் ஊற்றினாள். "குரோம்பேட்டை." என் பெரிய மகள் ஊற்றிவிட்டு, திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

மூங்கிலைப் பிடித்திருந்த ஆள், "எறக்கட்டுமாண்ணா?" என்றான்.

"இரு."

பெரியவர் எங்கள் வாசலைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "சிலாவு" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"சிலாவு எங்க? வூட்டுக்குள்ள இன்னா பண்ணுது? நேரம் போவுது, வரச் சொல்லு."

வரச் சொல்ல யாரும் போக வேண்டியிருக்கவில்லை. என் மகள் வெளியே வந்துவிட்டாள். ஈரக் கை, பின்னாத தலை, சாதாரணச் சேலை. கையில் சொம்பு இல்லையே என்று நான் திரும்பும்போது ஓரகத்தி தன் பின்னாலிருந்து ஒரு சொம்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். பால் நிறைந்த சொம்பு, வாய்க்கு மாவிலை வைத்து மூடினது. விடியற்காலையிலேயே எடுத்து வைத்திருந்திருக்கிறாள். அவர் சொல்லாமல் அவள் வைக்க மாட்டாள்.

"புடி. கொட்டிடாதே" என்றாள் ஓரகத்தி, சிடுசிடுவென்றுதான்.

என் மகள் குனிந்து ஊற்றினாள். எல்லாரும் ஊற்றின பாலில் குழிமண் குழைந்திருந்தது. பெரியவர் எட்டிப் பார்த்து, "பாரு, நல்லாச் சேறாயிடுச்சு. நடவுக்கு ஆவும்" என்றார். என் மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மூங்கிலை இறக்கினார்கள்.

பூத்துக்காரரிலிருந்து பால்காரி வரைக்கும் எல்லார் வாயையும் திருத்தினவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. என் மகளும் திருத்தவில்லை. சிலாவு என்றால் சிலாவுதான். அன்று சாயங்காலமே அக்காள்கள் பிள்ளைகளும் பெரியவர் மகன் பிள்ளைகளும் "சிலாவு சித்தி, சிலாவு அத்தை" என்று அவள் பின்னால் சுற்றின. பந்தியில் யாரோ, "சிலாவுக்கு அப்பளம் வெக்கலியே" என்று கத்தினதை நான் சமையல்கட்டிலிருந்து கேட்டேன். எத்தனையோ நாதஸ்வரம் கேட்டிருக்கிறேன், அதற்கு ஈடில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து மாப்பிள்ளையிடம் மகள் விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்தாள். அந்தப் பிள்ளை முதலில் என் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு, "அப்ப நான் சிலாவு மாப்பிள்ளையா அத்தை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கப்பா இருந்திருந்தா சொல்லியிருப்பேன், நமக்கும் ஒரு ஊர் கிடைச்சுடுச்சுன்னு" என்றார்.

அவள் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் குன்றத்தூர் போய் வேண்டுதலை முடித்தோம். படி படியாகக் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினோம். அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டார் குருக்கள். நான் மகள் பேரைச் சொன்னேன், நட்சத்திரத்தைச் சொன்னேன், அவர் கேட்காமலே ஊரையும் சொன்னேன். சத்தமாக, சரியாக, அந்த ஔ எழுத்தோடு. முருகனிடம் சரியாகச் சொல்ல வேண்டும். அவளைக் காப்பாற்ற அவன் அங்கே போய்ச் சேர வேண்டுமே.

பெரியவர் அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. அவர் மேல் எனக்கு எத்தனையோ குறை இருந்தது. எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தையில் அடைத்துவிட்டுப் போனார். கண் காணாத அந்த ஊருக்கும் நான் கடமைப்பட்டவள். என் பெண்ணுக்கு வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது. தன் பேர் சேறு என்று வெட்கப்படாமல் சொல்லிக்கொண்டதால் அவளுக்குப் பிறந்த வீட்டு வாசலையும் திறந்து கொடுத்தது.

பிறகு ஒருநாள் மகள் போன் செய்தாள். எங்கள் வீட்டிலேயே போன் வந்துவிட்ட காலம். ஆஸ்பத்திரி மாறுகிறதாம், வேறே ஊரில் வீடு பார்த்திருக்கிறார்களாம். புது ஊரின் பேரைச் சொன்னாள், இன்னும் நீளமான பேர். "பெரியம்மாகிட்ட சொல்லிடும்மா, கூப்பிடுற பேரை மாத்திக்கணுமே" என்று சிரித்தாள்.

ஓரகத்தி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"கூடுவாஞ்சேரி பம்மலுக்குக் குடி போயி எத்தினி நாளாச்சு, யாராவது பம்மல்னு கூப்புட்றோமா? அவர் வெச்ச பேருடி அது. அவரே எழுந்து வந்து மாத்தினாத்தான் உண்டு. எங்க போனாலும் சிலாவு சிலாவுதான்னு சொல்லு அவளாண்ட."

சொன்னேன்.